இரண்டு வார உத்தமர்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை எனக்குக் கிளினிக்கில் பிரஷர் பார்க்கிற நாள். அதற்கு முந்திய திங்கட்கிழமை காலை அடுப்படியில் நின்று உப்புப் போடாத கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பஸ் அண்ணே ஞாபகத்துக்கு வந்தார். கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். உட்கார்ந்து யோசிக்க எனக்கு வராது. கால் நடந்தால்தான் மண்டை வேலை செய்யும்.

ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிற வேலை செய்கிறேன். செமோர் பக்கத்து ஆட்களை அந்தத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போன பஸ்ஸின் டிரைவர்தான் பஸ் அண்ணே. நாங்கள் குடியிருக்கிற தாமான் முனையில் காலை ஐந்து நாற்பதுக்கு வந்து மூன்று தடவை ஹார்ன் அடிப்பார். நாலாவது தடவை அடித்து யாரும் கேட்டதில்லை, அதற்குள் பஸ் நகர்ந்துவிடும். பதினோரு வருஷம் அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவள் நான். பெயர் தெரியும். யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லவில்லை.

சாதாரண நாட்களில் அவர் ஓட்டுவதைப் பார்த்தால் நமக்கே படபடக்கும். விரல் ஸ்டீயரிங்கில் தாளம் போடும், முழங்கால் ஆடும். சிவப்பு விளக்கில் நின்றால் "போ லா, போ லா" என்று விளக்கிடமே பேசுவார். ஜன்னல் ஓரம் சிகரெட் புகையும். கண்ணாடிக்குக் கீழே இரண்டு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இருக்கும். ஒன்று எங்களை இறக்கிவிடுவதற்கு முன்பே காலியாகிவிடும், இன்னொன்று இறக்கிவிட்ட கையோடு. பிறகு கேன்டீனுக்கு வந்து ரொட்டி சானாய் கேட்பார். தட்டில் ரொட்டி மிதக்கிற அளவுக்குக் கறிக்குழம்பு ஊற்ற வேண்டும். பக்கத்தில் பால் தூக்கலாக ஒரு தே தாரிக் டீ.

பிறகு திடீரென்று ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் சிகரெட் வாடை இருக்காது. நாசி லெமாக் இருந்த இடத்தில் மூடி போட்ட டப்பாவில் ஓட்ஸ் இருக்கும். நாங்கள் ஏறுவதற்குள் அவர் பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வேகமாக நடந்துகொண்டிருப்பார்.

"என்னாண்ணே, பரீட்ச வந்துருச்சா?" என்று பின் சீட்டுப் பெண்கள் கத்துவார்கள்.

"இன்னும் பதினாலு நாளு இருக்கு. சும்மா இருங்க லா."

பரீட்சை என்பது அவருடைய கிளினிக் தேதி. அவருக்கு பிரஷர் உண்டு, கொழுப்பும் உண்டு. நாலு மாதத்துக்கு ஒரு தடவை அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தேதிக்கு முந்திய இரண்டு வாரம் மனிதர் உத்தமராகிவிடுவார். மாத்திரையை நேரம் பிசகாமல் போடுவார். உப்புக் கிடையாது, எண்ணெய் கிடையாது, சிகரெட் கிடையாது, கருவாட்டைக் கண்ணால் பார்ப்பதுகூடக் கிடையாது. பதினைந்தாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் ஒட்டிய பஞ்சைக்கூட எடுக்காமல், நேராக ரொட்டி சானாய் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் காலை கிளினிக் புத்தகத்தை எனக்கு முன்னால் விரித்துக் காட்டுவார். நானும் ஏழு வருஷமாக அந்த எண்களைப் பார்த்தேன். எல்லாம் அழகான எண்கள்.

"பாஸ் லா, தங்கச்சி!" என்பார். நானும் கைதட்டுவேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் கூத்து பிடித்திருந்தது.

அது ஏமாற்று என்று அவர் மனதில் துளிகூட இல்லை. அது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. அவர் பிறந்தது செமோருக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்தைப் பார்க்கத் துரை வருகிற நாளில் லயத்து வீடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்களாம், சாக்கடை ஓரம் வெள்ளைப் பொடி தூவுவார்களாம். அப்படி ஒரு நாள் அவருக்கு நல்ல காய்ச்சல். அவருடைய அம்மா அவரைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வாசலில் நிறுத்தி, "சிரி" என்றாராம். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாராம். துரை தலையில் தட்டிவிட்டுப் போனாராம். இதை அவர் பெரிய வேடிக்கையாகத்தான் சொன்னார். பஸ்ஸே சிரித்தது.

"அப்பறம் காய்ச்சல் என்னாச்சுண்ணே?" என்று கேட்டேன்.

"அது ஒரு வாரம் இருந்துச்சு. அதுக்கென்னா? ஒரு மனுசன் நம்மள பாக்க வாரான்னா நல்லதாதான் காட்டணும். அது மரியாத லா."

கிளினிக்கிலும் அதே கணக்குதான். அங்கே ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார், மிஸ்ஸி என்போம், பஸ் அண்ணேயின் மகள் வயது. "தங்கமான புள்ள. காலையிலேருந்து எத்தன நோயாளி மூஞ்சியப் பாக்குது. என் புத்தகத்தத் தொறந்தாதான் 'பாகுஸ், அங்கிள்'னு வாய் நெறைய சொல்லும். அந்த மொகம் வாடக் கூடாது," என்பார். நல்லது என்று அந்தப் பெண் மலாயில் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பதினாலு நாள் ஓட்ஸ்.

பஸ்ஸுக்கும் இதே வைத்தியம். வருஷத்தில் இரண்டு தடவை பஸ்ஸைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் கூட்டாளியிடமிருந்து நாலு நல்ல டயரை வாங்கி மாட்டுவார். பாஸ் ஆனதும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பழைய வழுக்கை டயரைப் பூட்டிவிடுவார். அது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் காலை நல்ல மழையில், செமோர் சாலையில், முன்சக்கரம் வெடித்தது. பஸ் இரண்டு தடவை ஆடிப்போய்ப் புல்மேட்டில் ஏறி நின்றது. முப்பது பெண்கள் உள்ளே. ஒருத்திக்குப் பல் உடைந்தது, மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. அவர் இறங்கி மழையில் நின்று அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன மாசந்தானே பாஸ் ஆச்சு," என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. பாஸ் ஆன தாளில் இருந்தது வேறு டயர் என்பதை அவர் மனசு அதற்குள் மறந்துபோயிருந்தது.

அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிற வாரம், தரை பளபளக்கும், ஓட்டைக் கையுறைப் பெட்டிகளெல்லாம் பின்கட்டுக்குப் போகும். அந்தப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிற முதல் ஆள் நான்தான். ஆனால் என் மேசையில் மட்டும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தேன். யாரும் எடுத்து நீட்டுகிற கையுறையைச் சோதிக்க மாட்டேன். பெட்டிக்குள் நானே கண்ணைத் திருப்பிக்கொண்டு கையை விட்டு எடுப்பேன். அதில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, சொட்டு விழுகிறதா என்று நின்று பார்ப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி, அண்ணி, என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தார். உள்ளே மாத்திரை அட்டைகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன, ஓர் அட்டைகூடப் பிரிக்கவில்லை.

"அரிசி மூட்டைக்குப் பின்னால இருந்துச்சு. பரீட்சக்கு முந்தி ரெண்டு வாரந்தான் திங்கிறாரு. மத்ததெல்லாம் இதுல," என்றார். "இப்ப டாக்டரு, உங்க பிரஷரு நல்லா இருக்கு, அடுத்த தடவையும் இப்படியே இருந்தா மாத்திரய கொறைக்கலாம்னு சொல்லியிருக்காரு. இவரு என்னமோ பட்டம் வாங்குன மாரி சிரிக்கிறாரு. தங்கச்சி, பஸ்ஸுல ஏறுனா இவருக்கு மூச்சு வாங்குது. மூணே மூணு படி."

பஸ் அண்ணேயின் அண்ணன் லாரி ஓட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கின் மேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அண்ணி டின்னோடு வந்தபோது பஸ் அண்ணேக்கு ஐம்பத்து மூன்று. அண்ணி அதைச் சொல்லவில்லை, நான் அதைத்தான் நினைத்தேன். அண்ணியும் அதைத்தான் நினைத்திருப்பார்.

மறுநாள் பஸ்ஸில் எல்லோரும் இறங்கும்வரை நின்று அவரிடம் பேசினேன். தினமும் மாத்திரை போட்டால் என்ன, தினமும் அரைமணி நடந்தால் என்ன, குழம்பைப் பாதியாகக் குறைத்தால் உயிரா போகும் என்று கேட்டேன். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"ரிப்போட்டு பாத்தியா இல்லயா?"

"அது ரெண்டு வாரத்து ரிப்போட்டுண்ணே. மீதி பதினஞ்சு வாரம் யாரு பாக்குறா?"

"உன் ஃபேக்டரிக்கு வெள்ளக்காரன் வர்றப்ப நீ பெட்டியத் தள்ளிக்கிட்டு ஓடுறியே, அத யாரு பாக்குறா?"

அவர் சிரித்துக்கொண்டே இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் பிடரி வியர்த்தால் பயம், வியர்க்காவிட்டால் அதைவிடப் பயம். அவர் ஹார்ன் அடிக்க ஒரு நிமிஷம் தாமதமானால் நான் சாலையில் இறங்கி எட்டிப் பார்ப்பேன். இந்த மனிதர் வண்டியிலேயே விழுந்தால் அவரோடு முப்பது பேர் என்பதும் மனதில் ஓடியது. ஆனால் முதலில் ஓடியது அவர்தான். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

தொழிற்சாலைப் பாதுகாப்புக் குழுவில் நானும் ஒருத்தி. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரும் மிஸ்ஸிகளும் கேன்டீனுக்கு வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்ப்பார்கள். தேதி ஒரு மாதத்துக்கு முன்பே ஒட்டப்படும். அந்த வருஷம் நான் எழுந்து, தீபாவளி முடிந்த மறுவாரம் வைக்கலாம், நோட்டீஸ் ஒட்ட வேண்டாம், டிரைவர்களையும் சேர்க்கலாம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்று கூட்டம் முடிந்து வெளியே வந்து, தொழிற்சாலை வேலி ஓரமாக மூன்று சுற்று நடந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் வழக்கம்போல டீ குடிக்கக் கேன்டீனுக்குள் வந்தார். வெள்ளை உடுப்புகளைப் பார்த்ததும் அப்படியே திரும்பினார். ஆனால் அதற்குள் பெண்கள் கூட்டமாகப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே வாங்க! நீங்கதான் எப்பயும் பாஸ் ஆச்சே!" என்று கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் திட்டம் அவர்களுக்குத் தெரியாது.

வந்திருந்த மிஸ்ஸிகளில் ஒருவர் அவர் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். எண்ணைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். இன்னொரு கையில் சுற்றினார். பிறகு எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல், "நூற்றுத் தொண்ணூற்றாறு. இந்த நிலையில் நீங்கள் பஸ்ஸை எடுக்கக் கூடாது," என்றார். பெண்களின் சிரிப்பு நின்றது.

பஸ் அண்ணே என்னைத் தேடிப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஒனக்குத் தெரியுமா, இன்னிக்கின்னு?"

"தெரியும்ணே."

சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். அவர் முழங்கால் ஆடாமல் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்தார்கள். இதயம் கொஞ்சம் தடித்திருக்கிறது, ரத்தக்குழாயில் அடைப்பு இன்னும் பெரிதாகவில்லை, இனிமேல் ஒழுங்காக இருந்தால் பெரிதாகாமல் தடுக்கலாம் என்றார்கள். பிரஷர் இறங்குகிறவரை பஸ் ஓட்டக் கூடாது. இறங்கி நிலைக்க ஐந்து மாதம் ஆனது. பஸ் முதலாளி அவ்வளவு நாள் காத்திருப்பாரா? பத்து நாளிலேயே வேறு டிரைவரைப் போட்டுவிட்டார். அந்த ஆள் ஹார்ன் அடிப்பதே இல்லை, போனில் கூப்பிடுவார். பஸ் அண்ணே தாமானுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் காவல் காக்கும் ஜாகா வேலைக்குப் போனார். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு போனவர் கேட்டைத் திறந்து மூடினார்.

என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஆனாலும் தாங்க முடியவில்லை. நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்திருந்தால் சரி என்று ஆகியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நான் யாரிடம் நியாயம் கேட்பேன்? கண்முன்னே நடந்தது இவ்வளவுதான்: ஒரு மனிதரின் பஸ் போயிற்று, அது என்னால் போயிற்று.

ஆனால் அவர் நடக்க ஆரம்பித்தார். காலை ஐந்தரைக்கு நான் பஸ்ஸுக்கு நிற்கிற முனையைத் தாண்டித் திடலுக்குப் போவார். என்னைப் பார்க்க மாட்டார். முதலில் நான் விரல்விட்டு எண்ணினேன், பதினாலு நாள் முடிந்ததும் நின்றுவிடுவார் என்று. பதினைந்தாம் நாளும் வந்தார். கிளினிக் தேதி வந்து போயிற்று, அதற்கு மறுநாளும் வந்தார். மழை பெய்த நாளில் குடையோடு வந்தார். பாசாரில் அண்ணியைப் பார்த்தபோது, "இப்ப அந்த டின்னுல முறுக்கு வச்சிருக்கேன்," என்றார். வேறு எதுவும் சொல்லாமல் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் காலை, நடந்து போனவர் என் முன்னால் நின்றார். இளைத்திருந்தார். கையில் கிளினிக் புத்தகம்.

"பாரு," என்றார்.

நூற்று நாற்பத்தெட்டு என்று இருந்தது. அந்தப் புத்தகத்தில் நான் பார்த்த முதல் அசிங்கமான எண். எனக்குத் திக்கென்றது.

"முந்தாநாளு முனியாண்டி பூச. ஆட்டுக்கறி. ரெண்டு தட்டு. மிஸ்ஸி கேட்டுச்சு, சொல்லிட்டேன்."

"மிஸ்ஸி மொகம் வாடலயாண்ணே?"

"வாடுனுச்சு." புத்தகத்தை வாங்கி மூடினார். "ஆனா என்னா தெரியுமா? நாக்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு எம்பக்கத்துல ஒக்காந்துச்சு. இருவது நிமிசம். என்னா திம்பீங்க, எங்க நடப்பீங்க, ராத்திரி தூங்குறீங்களா, ஒங்க அண்ணனுக்கு என்னா ஆச்சுன்னு ஒண்ணொண்ணா கேட்டுச்சு. இத்தன வருசமா 'பாகுஸ், அங்கிள்'னுட்டு அடுத்த ஆளக் கூப்புட்ட புள்ள."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பஸ் வெளிச்சம் தெரிந்தது.

"பஸ்ஸப் புடுங்குனத நான் மறக்கல, தங்கச்சி."

"தெரியும்ணே."

"சரி, ஏறு. லேட்டாவுது."

அதற்குப் பிறகு அவரும் அண்ணியும் மகள் வீட்டோடு காம்பாருக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணி போன் செய்வார். பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றைச் சுற்றி தினமும் நடக்கிறாராம், டீயில் பால் இல்லையாம், பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டு டிவி பார்க்கிறாராம். போனை அவர் வாங்கிப் பேசுவதில்லை. பின்னால் அவர் குரல் மட்டும் கேட்கும், "சாப்புட்டாளான்னு கேளு" என்று.

எனக்கு பிரஷர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் குறை, நட என்று சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள் நான், எனக்குத் தெரியாதா? போன மாதம் அந்தத் திங்கட்கிழமை கஞ்சிச் சட்டியின் முன்னால் நின்றபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்து இரண்டு நாள், சனிக்கிழமையிலிருந்து. அதற்கு முன்னால் எப்போது போட்டேன் என்று ஞாபகம் இல்லை. அவருக்காவது பதினாலு நாள். நான் அதையும் ஐந்தாகச் சுருக்கி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை கிளினிக்கில் என் வரிசை எண் வந்தது. பஸ் அண்ணேயைப் பார்த்த அதே மிஸ்ஸிதான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாகுஸ், அக்கா. நல்லா இருக்கு. சாப்பாடெல்லாம் கவனமா இருக்கீங்களா?" என்றார். பேனா புத்தகத்துக்கு மேலே தயாராக நின்றது. வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். என் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நாளா மட்டுந்தான், மிஸ்ஸி," என்றேன்.

அவர் முகம் வாடியது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.